இரண்டாம் படுகை

நாகஜோதிக்கு யார்மேலும் பெரிய மதிப்பு கிடையாது. அது பிறவிக் குணம் என்று அவள் புருஷன் சொல்வான். வேலை கொடுத்த குணம் என்று அவள் சொல்வாள். ஊரே தெளிவாக இருக்கிறது என்று சொல்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அதில் என்ன மிதக்கிறது, என்ன கரைந்து கிடக்கிறது என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, எதிரே வந்து நிற்கிற மனுஷரையும் அப்படிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். அப்பா முத்துவீரனுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் இருந்தன. அண்ணன்மாரில் ஒருவன் பட்டாளத்துக்குப் போனான், இன்னொருவன் போலீசுக்குப் போனான். அவளையும் போலீசில் சேர்த்துவிடத்தான் அப்பாவுக்கு ஆசை. உயரம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "லத்தியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு எம்புட்டு உயரம் வேணும்னு அளந்தாக. மூளைய எவனும் அளக்கல" என்று அன்றைக்கு அவள் வீட்டில் வந்து சொன்னதை அந்தப் போலீஸ் அண்ணன் இன்னும் மறக்கவில்லை. பிறகு வேதியியல் படித்தாள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஒன்றின் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் வேலை கிடைத்தது. பட்டாளத்துக்காரன் பாலகணேஷைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறினாள். அவன் ஓய்வு பெற்று வந்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் காவல் அதிகாரியாக இருக்கிறான். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். இவ்வளவுதான் அவள் கதை என்று யாரும் நினைக்கலாம். அவளைக் கேட்டால், தன் கதை முழுக்க இரண்டாம் படுகையில்தான் இருக்கிறது என்பாள்.

அந்த நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மேற்கே மலையடிவாரத்தில், குருவிப்பாறை என்ற இடத்தில் இருக்கிறது. மலையோடைத் தண்ணீர் ஓர் அணையில் தேங்கி அங்கே வரும். படிகாரம் போட்டு அழுக்கைத் திரளவிடுவார்கள். திரண்டதை அடியில் படியவிடுவார்கள். படியாமல் தப்பி வருவதை இரண்டு மணற்படுகைகளில் வடிப்பார்கள். கடைசியாகக் குளோரின் கலந்து நிலத்தொட்டியில் சேர்த்து ஊருக்கு அனுப்புவார்கள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. குருவிப்பாறையில் நடப்பது கொஞ்சம் வேறு.

அங்கே குளோரின் எவ்வளவு கலப்பது என்பதை அவளுடைய சோதனைக்கூடம் முடிவு செய்வதில்லை. ராஜபாளையத்தில் உள்ள ஒரு டீக்கடை முடிவு செய்கிறது. ஏ.இ. என்று எல்லோரும் சொல்கிற உதவிப் பொறியாளர் சுப்புராஜ் காலையில் அந்தக் கடையில் டீ குடிப்பார். டீயில் மருந்து வாடை அடித்தால் அங்கிருந்தே நிலையத்துக்குப் போன் செய்து, "கொஞ்சம் கொறைங்கய்யா, வாயில வைக்க முடியல" என்பார். கடைக்காரர் ரெண்டு ஸ்பூன் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்ட நாளில் ஊருக்கே குளோரின் கூடிவிடும், வாடை தெரியவில்லை என்பதால். நாகஜோதி இதை அவரிடமே சொன்னாள்.

"இஞ்சி போடாத டீ குடிங்க சார். ஊரு உருப்படும்."

"நீங்க எப்பவும் இப்படித்தான் மேடம். ஜனங்க குடிக்கணும்ல. வாடை அடிச்சா போர்த் தண்ணியப் பிடிக்கப் போயிருவாங்க" என்றார் சுப்புராஜ். கெட்டவர் இல்லை. யாரும் தன்னைத் திட்டாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. அப்படிப்பட்ட மனுஷரை வைத்துக்கொண்டு என்ன சுத்திகரிப்பது என்று அவள் நினைப்பாள்.

அடுத்தவர் ஆபரேட்டர் மலைச்சாமி. செட்டியார்பட்டிக்காரர், தலை முழுக்க நரைத்தவர். அந்த நிலையம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர். மணற்படுகையில் அழுக்குச் சேரச் சேர அடியிலிருந்து காற்றும் தண்ணீரும் விட்டு மணலைக் கொந்தளிக்க வைத்துக் கழுவ வேண்டும். பேக்வாஷ் என்பார்கள். எவ்வளவு அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கழுவ அங்கே ஓர் அளவுமானி இருக்கிறது. மலைச்சாமி அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கழுவுவார். வீடு வாசல் கழுவி விளக்கேற்றுகிற நாளில் படுகையையும், அவர்கள் பேச்சில் பெட்டு, கழுவி, பம்ப் அறை வாசலில் சூடம் கொளுத்திவிட்டுப் போவார். மழைக்காலத்தில் ஓடை செம்மண்ணாக வந்து படுகை திங்கட்கிழமையே அடைத்துக்கொண்டாலும் வெள்ளிக்கிழமைதான். கோடையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தாலும் வெள்ளிக்கிழமைதான்.

அதையாவது விட்டுவிடலாம். கழுவி முடித்த பிறகு அவர் செய்கிற காரியம்தான் அவளுக்குத் தாங்காது. கழுவிய மணல் உடனே எதையும் பிடிக்காது. மணலுக்குள்ளே புரண்ட அழுக்கு இன்னும் அடங்கியிருக்காது. மணலுக்கு மறுபடி பிடிப்பு வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வருகிற தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கென்று ஒரு வால்வு இருக்கிறது. மலைச்சாமி அதைத் தொடமாட்டார்.

"கழுவுன பானையில முதல்ல ஊத்துற தண்ணிதான மேடம் சுத்தம். அதப் போயி சாக்கடையில விடச் சொல்லுதீக. மலையில இருந்து வந்த தண்ணி. பாவம்லா."

"பானைக்கும் பெட்டுக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி."

"என்ன வித்தியாசம். ரெண்டும் கழுவுனாச் சுத்தம்."

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். படம் போட்டுக்கூடக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கீக" என்றார். அதோடு அவரை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றால், வாயால் சொல்வதை விட்டாள். மனசுக்குள் வைத்திருந்த இடத்தில் அவர் இன்னும் ஒரு படி இறங்கினார்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய நோய் இரண்டாம் படுகையில் இருந்தது. மணலுக்கு அடியில் தண்ணீர் இறங்குகிற மூடிகள், நாசில் என்பார்கள், ஒரு மூலையில் உடைந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. ஓடை தெளிந்து வருகிற நாளில் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால், செந்நிறமாக வருகிற தண்ணீர் அந்த மூலை வழியாக வந்தபடியே கீழே போய்விடும். அந்த மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு வருகிற கிருமிக்குக் குளோரினும் எட்டாது. அப்புறம் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். சிலருக்குக் கண் மஞ்சளாகும். ஆஸ்பத்திரியில் கட்டில் நிறையும். அந்த நேரத்துக்கு மட்டும் எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். மார்கழி பிறந்ததும் மறந்துவிடுவார்கள்.

அந்தப் பேதியில் ஒரு வருஷம் பாலகணேஷும் படுத்தான். எழுந்து வந்த அன்றைக்கே வீட்டில் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. நீலநிறக் கேன், அதைக் கவிழ்க்க ஒரு இரும்பு ஸ்டாண்டு. தண்ணீர் சோதிக்கிறவள் வீட்டுச் சமையலறையில்.

"இமயமலையில பனிய உருக்கிக் குடிச்சிருக்கேன். ஒண்ணும் பண்ணல" என்றான் பாலகணேஷ். "பொண்டாட்டி பாத்து அனுப்புற தண்ணிங்கிற மரியாதைக்கு இத்தன நாளு குடிச்சேன். அந்த மரியாத என்னைய டிரிப்ஸ்ல போட்டுருச்சு."

"அந்தக் கேன் தண்ணியையும் நான் டெஸ்ட் பண்ணியாச்சு. அதுல ஒரு சத்தும் கெடையாது. செத்த தண்ணி."

"செத்தாலும் சுத்தமாச் செத்திருக்கு."

அவள் மட்டும் பிடிவாதமாகக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர். கேன்காரன் வண்டியை நிறுத்தி வாசலில் கேனை உருட்டுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டு மாரிச்செல்வி அதற்காகவே காத்திருந்தவள்போல எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மதினி, தண்ணியாபீஸ் வீட்டுக்கே கேனா. அப்ப நாங்க என்னத்தக் குடிக்க."

"எனக்கு வந்தது இல்ல. உங்க அண்ணனுக்கு."

"அண்ணனுக்கு ஒரு உசுரு, எங்களுக்கு ஒரு உசுரா."

அந்த மாரிச்செல்வி குழாயில் பிடித்ததைத் துணியில்கூட வடிகட்டாமல் குடிக்கிறவள். அவளிடம்போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் நாகஜோதிக்கு எரிச்சல். இரண்டாம் படுகை சரியானால் அந்தக் கேனைத் தெருவில் தூக்கி வைத்துவிடலாம். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மேலே எழுதி எழுதிப் பார்த்தாள். கடைசியில் மேலிடம் ஒரு வழி சொன்னது. நிலையத்தின் செயல்திறனை வெளியாள் வைத்து மதிப்பீடு செய்வார்கள். அவர்கள் எந்தப் படுகை மோசம் என்கிறார்களோ அதற்கு மணலும் நாசிலும் மாற்றப்படும். நிதி ஒரு படுகைக்கு மட்டும். மழைக்கு முன்னால் வேலை முடியும்.

மதிப்பீடு என்று கேட்டதும் சுப்புராஜுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். படுகைச் சுவரில் பாசியைச் சுரண்டினார்கள். வாசலில் வாழை மட்டும்தான் கட்டவில்லை. வருகிறவர்கள் குடிப்பதற்கு மேசைமேல் பாட்டில் தண்ணீர் வாங்கி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து நாகஜோதி சிரிக்கக்கூட இல்லை.

"சார், நம்ம தண்ணிய அளக்க வாராக. நம்ம தண்ணியக் குடுக்க வேண்டாமா."

"ஏம்மா, ரிஸ்க் எடுக்கச் சொல்றீங்களா" என்றார் சுப்புராஜ், மிகவும் நியாயமான குரலில்.

அன்று புதன்கிழமை. அவள் உள்ளே வந்தபோது முதல் படுகையில் மணல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கழுவி, திருப்தியில்லாமல் இரண்டாம் தடவையும் கழுவினார்.

"இன்னைக்குப் புதனாச்சே அண்ணாச்சி."

"விருந்தாளு வரும்போது வீட்டக் கழுவாம விடுவாகளா மேடம்."

"ரெண்டாவது பெட்டு?"

"அத எதுக்கு நோண்டணும். தொட்டா அந்த மூலையில சோறு பொங்குன மாதிரி மணலு பொங்கும். பெட்டே ஒடஞ்சிரும்னு ஏ.இ. சார் கைய வைக்க வேண்டாம்னுட்டாரு. அதக் கழுவி ரெண்டு மூணு வெள்ளிக்கிழம ஆச்சு."

மதுரையிலிருந்து வருகிற வண்டி பக்கத்தில் வந்துவிட்டது என்று அப்போதுதான் போன் வந்தது. மலைச்சாமி முதல் படுகையைக் கழுவி முடித்துத் தண்ணீரை நேரே நிலத்தொட்டிக்குத் திறந்துவிட்டார். வருகிறவர்கள் சரியாக அந்தக் கலங்கல் தண்ணீரைத்தான் பிடித்து அளக்கப்போகிறார்கள். நாகஜோதி தெரிந்துதான் நின்றாள். சாக்கடை வால்வைத் திருப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் காது கொடுக்காதவர்கள், தாங்களே மெனக்கெட்டுக் குழி வெட்டி, தாங்களே போய் விழுகிறார்கள். நிலையம் மோசம் என்று ரிப்போர்ட் வரட்டும். அதுதானே வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு புது மருமகள் கோலம் போடுவதைப் பார்க்கிற மாமியார் மாதிரி, நின்று பார்த்தாள். நல்ல சந்தோஷமாகவே இருந்தது.

மதிப்பிட வந்தவன் பெயர் ராம்கி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பல பைகள் வைத்த மேல்சட்டையும் கனத்த பூட்சும் போட்டுக்கொண்டு, மலையேறப் போகிறவன் மாதிரி வந்தான். பெயிண்ட் அடித்த கம்பியைப் பிடித்து உள்ளங்கையைப் பச்சையாக்கிக்கொண்டான். படிகாரத் தொட்டியைப் போட்டோ எடுத்தான், அளவுமானியைப் போட்டோ எடுத்தான், சூடம் கொளுத்திய கரியையும் எடுத்தான். பிறகு இரண்டு படுகையிலிருந்தும் இறங்குகிற தண்ணீரைத் தனித்தனியாகப் பிடித்து, கையோடு கொண்டுவந்த கலங்கல் மானியில் வைத்தான். ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்ல தண்ணீர். ஐந்தைத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

முதல் படுகை நாலே முக்கால் காட்டியது. நாகஜோதிக்கு உதடு லேசாக வளைந்தது.

இரண்டாம் படுகை முக்கால் காட்டியது.

அவன் கண்ணாடிக் குப்பியைத் துடைத்து மறுபடியும் வைத்தான். மறுபடியும் முக்கால்தான்.

சுப்புராஜ் முகத்தில் முதலில் கலக்கம், அப்புறம் மெல்ல ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா மேடம். மூணு வருஷமா ரெண்டாவது, ரெண்டாவதுன்னு மேல எழுதிக்கிட்டே இருந்தீங்க. அது தங்கமா இருக்கு. மொதல்லதான் போயிருச்சு."

"அப்ப முதல் படுகைக்கு மணல் மாத்தப் பரிந்துரை பண்ணிரலாம் சார்" என்றான் ராம்கி. "ரெண்டாவதுக்கு எதுவும் தேவையில்ல. நல்லா பராமரிச்சிருக்கீங்க."

நல்லா பராமரிச்சிருக்கீங்க. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவன் படித்த படிப்பையெல்லாம் திருப்பி வாங்கிவிடலாம் என்று நாகஜோதிக்குத் தோன்றியது. ஆனால் அவனைத் திட்டி முடிப்பதற்குள் மற்றது உறைத்தது. மழை இல்லாத வாரம். ஓடை தெளிந்து வருகிறது. கழுவாமல் கிடக்கிற மணல் இறுகிப்போய், உடைந்த மூலையையும் சேறு அடைத்து வைத்திருக்கிறது. நல்ல படுகையைக் கழுவிக் கெட்டதாக்கி, கெட்ட படுகையைக் கழுவாமல் நல்லதாக்கி வைத்திருக்கிறார்கள். மலைச்சாமி சொன்னபோது அவள் காதில் விழுந்ததுதான். மற்றவர்கள் விழப்போகிற குழியைப் பார்த்து ரசிப்பதில் அந்தப் பாதியைக் கவனிக்கவில்லை. நல்ல மணலை அள்ளிக் கொட்டிவிட்டு நல்ல மணலைப் போடுவார்கள். ஐப்பசி வரும். சேற்று மூலை திறந்துகொள்ளும்.

"அந்த அளவு தப்பு" என்றாள்.

ராம்கி மானியைப் பார்த்தான். "காலையிலதான் மேடம் சரிபார்த்துக் கொண்டுவந்தேன்."

"மெஷின் தப்புன்னு சொல்லல. முதல் பெட்ட நீங்க வர்றதுக்குச் செத்த முன்னாலதான் கழுவுனாக. முதல் தண்ணிய வெளிய விடல. நீங்க பிடிச்சது அந்தத் தண்ணி. ரெண்டாவத வாரக்கணக்காக் கழுவவே இல்ல. கழுவிட்டு அளந்து பாருங்க."

சுப்புராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இதக் காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம்."

"பொறவு ஏன் சொல்லல?"

சொல்வதற்கு அவளிடம் நாலைந்து நல்ல பதில்கள் இருந்தன. சொன்னால் யார் கேட்டீர்கள் என்பது அதில் ஒன்று. ஆனால் ராம்கி பேனாவைத் திறந்துகொண்டு நின்றான். பொய்யான ஒரு காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளப்போகிற முகம் அது.

"நீங்க மாட்டட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.

மலைச்சாமிதான் வாயைத் திறந்தார். "நான் நல்லாக் கழுவுறேன்னு பாக்கீகன்னுல்லா நெனச்சேன். அதான் ரெண்டாந் தடவையும் கழுவுனேன்."

அவள் ஒரு சுத்தமான குப்பியை எடுத்து ராம்கியிடம் நீட்டினாள்.

பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே முதல் படுகை அடங்கியிருந்தது. ராம்கி மறுபடி பிடித்து அளந்தான். அரைக்கும் கீழே இறங்கிவிட்டது. அவன் முன்னால் எழுதியதை அடித்தான். அடிப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "அப்ப ரெண்டும் ஓகே. எதுக்குமே நிதி தேவையில்லைன்னு போட்டுரலாமா" என்றான்.

"தம்பி, நீங்க வந்தது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா" என்றாள் நாகஜோதி. "ரெண்டாவதக் கழுவிப் பாக்கணும்."

"வேண்டாம்" என்றார் சுப்புராஜ் அவசரமாக. "கழுவி ஒடஞ்சிட்டா இன்னைக்கு ஊருக்குத் தண்ணி கெடையாது. யாரு பதில் சொல்றது. நான் அனுமதி குடுக்கல. எதுன்னாலும் மேல கேட்டுட்டுத்தான்." போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். மேலே கேட்பதென்றால் அந்த மரத்தடிதான். அங்கே போனவர் ஒரு முடிவோடு திரும்பி வந்ததாக அந்த நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை.

ராம்கி மணி பார்த்தான். கழுவுகிற வால்வுகள் பழையவை. எதை எவ்வளவு திறந்தால் காற்று ஏறும் என்பது மலைச்சாமியின் கைக்குத்தான் தெரியும். நாகஜோதி அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, நீங்க தொறந்தாத்தான் உண்டு."

"மத்தியானத்துல அண்ணாச்சியாக்கும்."

"எப்பவும் அண்ணாச்சின்னுதான சொல்லுதேன்."

"சொல்லுதீக. சொல்லுற தோரணை எனக்குத் தெரியாதா. ஏதோ கேனப்பயல சாமின்னு கூப்பிடுத மாதிரி." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணு சொல்லுதேன் மேடம். உங்க வீட்டுல கேன் தண்ணி. ஏ.இ. சார் வீட்டுல மிஷினு வச்சிருக்காக. இந்தத் தம்பிக்குப் பாட்டிலு. செட்டியார்பட்டியில எங்க தெருவுல இங்கன இருந்து வாரத மட்டுந்தான் குடிக்கோம். போன மழைக்கு எம்மக சீனியம்மா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. நான் கழுவி அனுப்புன தண்ணிதான்னு எனக்குத் தெரியும். அந்த மூலையினாலதான்னு எனக்குத் தெரியாதா. தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது."

"வீட்டுல கேன் என் புருஷனுக்கு" என்று சொல்ல வாயெடுத்தாள். மாரிச்செல்விக்குச் சொல்கிற பதில் அது. விழுங்கிக்கொண்டாள்.

"தொறங்க" என்றாள்.

அவர் வேப்பமரத்தடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு காற்று வால்வைத் திறந்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் படுகை முழுக்கச் சின்னக் குமிழிகள். தண்ணீர் ஏற ஏற, வடமேற்கு மூலையில் மட்டும் ஒரு பீப்பாய் அகலத்துக்கு மணல் பொங்கி எழுந்தது. உலையை மறந்து போட்ட வீட்டில் மூடியைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல, கறுத்த சேறும் கூழாங்கல்லும் கலந்து மேலே வந்து கழிவுநீர் வாய்க்காலில் வழிந்தன. ராம்கியின் பூட்ஸ் நனைந்தது. அவன் போட்டோ எடுக்க மறந்து வாயைத் திறந்துகொண்டு நின்றான். பிறகு ஞாபகம் வந்து எடுத்தான். மலைச்சாமி வால்வை அடைத்து, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டார்.

அரைமணி நேரம் பொறுத்து அளந்தார்கள். பதினொன்று. இன்னும் அரைமணி பொறுத்தார்கள். ஒன்பது. அதற்குக் கீழே அது இறங்கவே இல்லை. மழையில்லாத நாளில் ஒன்பது. ராம்கி கணக்குப் போட்டுப் பார்த்தவன்போல மலையைத் திரும்பிப் பார்த்தான்.

"இரண்டாம் படுகைக்கு முழு மாற்றம். மாத்துற வரைக்கும் இதை மூடியே வைக்கணும்னு எழுதுறேன்" என்றான். நல்ல பையன்தான். செய்ய வேண்டியதைக் கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் செய்துவிடுகிறான். கிளம்பும்போது தயங்கி, "மேடம், அந்த... நீங்க காலையில சொல்லாம இருந்ததையும் ஒரு வரி போட வேண்டியிருக்கும். சோதனைக்கூடம் இயக்கத்துக்கு வழிகாட்டலைன்னு" என்றான்.

"போடுங்க தம்பி. உண்மைதான். எழுத்துப்பிழை இல்லாமப் போடுங்க."

வண்டி போனதும் சுப்புராஜ் மரத்தடியிலிருந்து வந்தார். மேலே போனை யாரும் எடுக்கவில்லையாம். "எழுத்துல உத்தரவு வாரவரைக்கும் ரெண்டாவதையும் ஓட்டுவோம். ஒரு பெட்ட வச்சுக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கிறது. நாலு நாளைக்கு ஒருக்க விடுற தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கன்னு ஆயிரும். ஜனங்க ரோட்டுல குடத்த வச்சு மறிப்பாங்க."

"மறிக்கட்டும் சார். மறிக்கிறதுக்கு உசுரு இருக்கும்லா."

"அடைச்சது யாருன்னு கேப்பாங்க."

"என்னையச் சொல்லுங்க."

அவர் அவளை நம்பமுடியாமல் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. அதைக் காணச் சகிக்கவில்லை அவளுக்கு. "நான் ஒண்ணும் பாக்கல. நான் ராஜபாளையம் ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். மனுஷர் ஒரு நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

இரண்டாம் படுகையை அடியோடு மூடுகிற வெளிவாய் வால்வு வருஷக்கணக்காக அசையாதது. சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. நாகஜோதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள். மலைச்சாமி மறுபக்கம் பிடித்தார். அது கிரீச்சிட்டுக்கொண்டு பொடிப்பொடியாகத் துரு உதிர்த்தது.

"வலப்பக்கமாச் சுத்துங்க மேடம். நீங்க தொறக்கீக."

"எதையும் எழுதி ஒட்டிவச்சாத்தான தெரியும்."

"எழுதி ஒட்டியிருக்கு. நேத்து அதுமேல பெயிண்ட் அடிச்சாச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. காலையில் நடந்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது. ஆற வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. இருவருமாகக் கடைசிவரை சுற்றி அடைத்தார்கள்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முறைத் தண்ணீர் வரவேண்டிய தெருக்களில் குழாய் வெறுங்காற்றை ஊதியது. நிலையத்துப் போன் அடிக்க ஆரம்பித்தது. வழக்கமாக மலைச்சாமி எடுத்து, "மோட்டாரு ரிப்பேரு" என்று சொல்லி வைத்துவிடுவார். எந்தக் கேள்விக்கும் அந்த ஒரு பதில்தான் அங்கே இருந்தது. அவர் கை நீட்டுவதற்குள் நாகஜோதி எடுத்தாள்.

ஒரு பொம்பிளைக் குரல். பின்னால் குடங்கள் இடிபடுகிற சத்தம். "ஏன் தண்ணி வரல?"

"ஒரு பெட்டு கெட்டுப்போச்சு. அடைச்சிருக்கோம். மாத்துற வரைக்கும் எட்டு நாளைக்கு ஒருக்கத்தான் வரும்."

"நேத்து வரைக்கும் வந்துச்சே. இன்னைக்குத்தான் கெட்டுச்சாக்கும்."

"மூணு வருஷமாக் கெட்டுத்தான் கெடந்துச்சு. அதத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"மூணு வருஷமாத் தெரிஞ்சும் அனுப்பிக்கிட்டா இருந்தீக?"

"ஆமா."

"இதச் சொல்ல ஒனக்கு வெக்கமா இல்லையா. நீயெல்லாம் சோத்தத்தான் திங்கிறியா." அப்புறம் அவள் வாயில் வந்ததெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்குழாயடியில் அன்றாடம் புழங்குகிற சொற்கள். நாகஜோதிக்கு எல்லாமே தெரிந்தவைதான். ஒன்றிரண்டை அவளே அடிக்கடி மனசுக்குள் மற்றவர்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பொம்பிளை கேட்டாள். "யாரு அடைச்சது? பேரச் சொல்லு. நாளைக்கு நாங்க வந்து யாரக் கேக்கணும்னு தெரிய வேண்டாமா."

"நாகஜோதி. கெமிஸ்ட். காலையில ஒன்பது மணிக்கெல்லாம் இங்கதான் இருப்பேன். ஒங்க தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அந்தப் பெட்டக் காட்டுதேன்."

"வரத்தான் போறோம்."

"வரும்போது தண்ணியக் காய்ச்சிக் குடிச்சிட்டு வாங்க."

வைத்த கையோடு போன் மறுபடி அடித்தது. "இத நான் பாத்துக்கிடுதேன், நீங்க எந்திரிங்க" என்று மலைச்சாமி கையை நீட்டினார்.

"நீங்க மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லுவீக அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அதையும் அவளே எடுத்தாள்.